தலையில் சுமந்த தேன்பெட்டி

பழக்கமில்லாத ஆள் முற்றத்தில் வந்து நின்றால் அடுக்களைக்குள் போய்விடுகிறவள் நான். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். மனிதர்களிடமே இவ்வளவு பயம் என்றால், கொடுக்கு உள்ள ஒரு சீவனிடம் எவ்வளவு பயம் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட என் வீட்டின் பின்முற்றத்தில் ஒரு தேன்பெட்டி வந்து உட்கார்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துத் தேனீக்களுக்கு ஒரு நோய் வந்தது. அடைக்குள் இருந்த புழுக்கள் தண்ணீர் நிறைந்த சின்னப் பைகளைப் போலச் செத்துப்போயின. பாறசாலையைச் சுற்றியும், எல்லைக்கு அப்புறம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வீட்டுக்கு வீடு இருந்த பெட்டிகள் காலியாயின. அந்தக் காலிப் பெட்டியில் கோழியை அடைவைத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் மத்தங்கொடி, அதாவது பூசணிக்கொடி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சு மட்டும் சுண்டுவிரல் அளவு வந்ததும் பழுத்து உதிர்ந்துபோகும். உரம் போதவில்லை என்று நினைத்துச் சாணமும் சாம்பலும் போட்டேன்.

என் கணவருக்கு வேலை ரப்பர் ஷீட் அடிப்பது. பின்முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதில் ஷீட் உருட்டும் இயந்திரம் இரண்டு வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் மரம் வைத்திருப்பவர்கள் பாலை உறைய வைத்து எங்களிடம் கொண்டுவந்து ஷீட்டாக்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலமானால் அவர் குளித்துச் சட்டை மாற்றி ஊர் நூலகமான வாயனசாலைக்குப் போவார். அங்கே ஒருநாள் சுற்றுச்சூழல் வகுப்பு நடந்தது. தேனீ இல்லாவிட்டால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் விதை இல்லை, வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தால்தான் நோயில் தப்பித்த கொஞ்சத்தைப் பெருக்க முடியும் என்று ஒரு கல்லூரி ஆசிரியர் மலையாளத்தில் பேசினாராம். யார் தயார் என்று கேட்டதும் இவர் கையைத் தூக்கிவிட்டார். சோறு தின்றுகொண்டே என்னிடம் சொன்னார்.

"எட்டி, அடுத்த வாரம் ஒரு தேன்பெட்டி வருது."

"எதுக்கு? சீனிக்குப் பதிலா தேன் ஊத்திச் சாயை குடிக்கப் போறீங்களா?"

"தேனுக்கில்ல. பிரகிருதிக்காக்கும்."

"பிரகிருதிக்கு நம்ம முற்றம்தானா கிடைச்சுது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் ஒரே மகள் பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். பகல் முழுக்க அந்தப் பெட்டியோடு தனியாக இருக்கப்போவது நான்.

எல்லைக்கு அப்புறமிருந்து ஒருவர் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். பிலாமரத்துக்குக் கீழே, அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிற இடத்தில், ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வைத்தார். எறும்பு ஏறாமலிருக்கக் காலைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம். திறந்து பார்க்கும்போது காய்ந்த கதம்பையைத் தகர டின்னில் புகையவிட்டு மெல்ல ஊதவேண்டும் என்று செய்து காட்டினார். தேங்காயின் அந்த நார்த்தொண்டு எங்கள் வீட்டில் மலைபோலக் கிடந்தது. அவர் போன அன்றே நான் அடுக்களை ஜன்னலைச் சாத்தினேன். அதன்பிறகு வெகுநாள் அதைத் திறக்கவில்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தேன்.

என் பயத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் நடந்தது நல்ல காரியம்தான். மத்தங்கொடியில் பிஞ்சு நின்றது. பக்கத்து வீட்டுப் பாகல் பந்தல் காய்த்துத் தொங்கியது. வாரம் ஒருமுறை அவர் பெட்டியைத் திறப்பார். நான் ஜன்னலின் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டி, "எட்டி, ராணிய கண்டேன்!" என்று கூவுவார். மகள் பிறந்த அன்று அவர் குரல் அப்படி இருந்தது.

மழைக்காலம் வந்தது. கதம்பை எல்லாம் நனைந்து கிடந்தது. இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவைக்க மண்ணெண்ணெயைத் தேடுவதில்லை. ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலில் ஒரு துண்டு போதும். ஈர விறகும் பிடித்துக்கொள்ளும். பால் பிடித்துப் பழசான தேங்காய்ச் சிரட்டைகளும் அப்படித்தான் எரியும். சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்கிற காரியம் அது. பெட்டியைத் திறக்கப் போன அன்று அவர் கையும் தானாகவே செய்தது. நனைந்த கதம்பையோடு ஒரு பிடி ஒட்டுப்பாலை டின்னில் போட்டுப் பற்றவைத்தார்.

ஜன்னல் இடுக்கில் நான் கண்டது வெள்ளைப் புகை அல்ல. கறுப்பு. டயர் எரிகிற நாற்றம் அடுக்களைக்குள் வந்தது. அவர் மூடியைத் தூக்கி ஊதினார். பெட்டி ஒரு நொடி அமைதியாக இருந்தது. பிறகு பால் பொங்குவதுபோல உள்ளிருந்து அப்படியே மேலே எழும்பியது. அவர் மூடியை எப்படியோ போட்டுவிட்டுத் தலையைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தார். நான் கதவைத் திறந்தேன். அவரோடு சேர்ந்து கொஞ்சம் உள்ளே வந்தன. துடைப்பத்தால் அடித்தேன். எங்கே அடித்தேன் என்று தெரியாது.

"ஒண்ணும் இல்லட்டி. நாலஞ்சு குத்து. ஒட்டுப்பாலு போட்டது புத்தியில்லாத்த வேலையாப் போச்சு," என்று சிரித்தார். கழுத்திலும் காதிலும் கொடுக்குகள் நின்றன. நான் அவற்றை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அவர் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு உள்ளங்காலைச் சொறிந்தார். "சூடா இருக்குட்டி," என்றார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பி மீண்டும் பார்ப்பதற்குள் அந்த முகம் என் கணவரின் முகமாக இல்லை. உதடுகள் வீங்கி வெளியே மடிந்துகிடந்தன. கண்கள் இரண்டு கோடுகள். ஏதோ சொன்னார். குரல் வெளியே வரவில்லை. தொண்டைக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும்.

நான் ரோட்டுக்கு ஓடினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ரோட்டில் என் குரலை யாரும் கேட்டதில்லை. அன்று நான் போட்ட கூச்சலில், மூன்றாவது வீட்டில் ஜீப் வைத்திருந்தவர் சாப்பிட்ட கையோடு வந்தார். ஷீட் கட்டுகளை ஏற்றுகிற ஜீப். பின்னால் கிடந்த கட்டுகளின்மேலேயே அவரைப் படுக்கவைத்தோம். தலை என் மடியில். நெய்யாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரிகள் நீண்டு நின்றன. ஜீப்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "மூச்சு எடுங்க, விடுங்க. எடுங்க, விடுங்க," என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஜீப் குலுக்கியதில் எது மூச்சு, எது ரோட்டின் குழி என்று தெரியவில்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. மகள் வயதுள்ள ஒரு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, மெதுவாக, ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மே, இனி ஒரு குத்து கிட்டியால் இவிடெ எத்தான் சமயம் கிட்டில்லா."

இனி ஒரு கொடுக்கு. ஒன்றே ஒன்று. இங்கே வந்து சேர நேரம் கிடைக்காது. நான் தலையாட்டினேன். திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பிலாமரத்தடியில் பெட்டி அப்படியே இருந்தது. தேனீக்கள் போவதும் வருவதுமாக, ஒன்றும் நடக்காததுபோல.

பக்கத்து ஊரான கொல்லயிலில் இருந்த நாத்தனார் செய்தி கேட்டு ஓடிவந்தாள். தம்பியின் வீங்கிய முகத்தைப் பார்த்து அழுதாள், பிறகு கத்தினாள்.

"மண்ணெண்ணெய ஊத்தி ஒரு தீக்குச்சிய போடு. தீந்துது!"

"அக்கா, தப்பு அதுக மேல இல்ல. நானாக்கும் ஒட்டுப்பால எரிச்சேன்," என்றார் அவர் படுக்கையிலிருந்து.

"தப்பு ஆரு மேலயும் இருக்கட்டும். சாவப்போறது நீயாக்கும்."

"ஊரு முழுக்கச் செத்து, பாக்கி வந்த சாதனம். இத நான் கொன்னா, பின்ன நான் எதுக்கு அங்க கைய தூக்கினேன்?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் மண்ணெண்ணெய்தான் வேண்டும்போல இருந்தது. ஆனால், ராணியைக் கண்டேன் என்று கூவிய அந்தக் குரலையும் நான் கேட்டிருந்தேன்.

அப்படித்தான் நாங்கள் வாழத் தொடங்கினோம். அவர் வெயில் சாயும்வரை வீட்டுக்குள். ஜன்னல்களுக்குக் கொசுவலையை வெட்டி ஆணியடித்தேன். கொட்டகைக்கு ஷீட் அடிக்க வந்தவர்களிடம் நான் கதவிடுக்கில் பேசினேன். ஈ பறந்தாலும் திடுக்கிட்டேன். அவர் தூங்கும்போது மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். மழை விட்டு வெயில் வந்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும். தேனீக்கள் வெளியே வரும் என்று நான் மழைக்காக ஏங்கினேன்.

எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறும், எறும்பு ஏறினால் தேனீக்களுக்கு வெறி பிடிக்கும் என்று அவர் உள்ளிருந்து சொன்னார். ஊற்ற ஆள் வேண்டும். நான் அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு போனேன். பயத்தில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. ஒரு தேனீ என் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. முன்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. நான் மூச்சுவிடவில்லை. அது போனது.

"பாத்தியா? ஒண்ணும் செய்யாது," என்றார் அவர் கொசுவலைக்குப் பின்னாலிருந்து.

"எனக்கு ஒண்ணும் செய்யாது. உங்களுக்கு?"

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் சொன்னேன், பெட்டியைக் கொல்லயிலில் நாத்தனார் தோப்பு விளையில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன் என்று. விற்ற ஆள் எங்கோ மலைப்பக்கம் போயிருந்தார். ஜீப்காரர் பயந்து மாட்டேன் என்றுவிட்டார். வயல் வரப்பு வழியாக நடந்தால் நாத்தனார் வீடு பக்கம்தான்.

"நீயா?" என்றார்.

"பின்ன ஆரு?"

"உனக்கு இஷ்டம்போல செய்யி," என்று சொல்லி எழுந்து போனார்.

மறுநாள் அந்திக்கு, எல்லாம் கூடடைந்த பிறகு, பெட்டி வாசலில் வாழைச்சருகைத் திணித்து அடைத்தேன். கயிறு சுற்றிக் கட்டினேன். சும்மாடு வைத்துப் பெட்டியைத் தலையில் ஏற்றினேன். பாரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் அந்த முரளல், அந்த ரீங்காரம்! அது காதில் கேட்கவில்லை, மண்டை ஓட்டுக்குள் கேட்டது. பல்லில்கூடத் தெரிந்தது. கயிறு அவிழ்ந்தால், கால் வழுக்கினால், சருகு உதிர்ந்தால் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு பயம்.

வரப்புக்குத் திரும்பும் முன்னால் ஒரு சாயைக்கடையைத் தாண்டவேண்டும். அங்கே பெஞ்சில் எப்போதும் ஆண்கள் இருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவதுதான் என் வழக்கம். அன்று தலையில் பெட்டி. குனிய முடியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, நேரே பார்த்து, ராணி மாதிரி நடந்து போனேன்.

"சேச்சியே, தலையில எந்தா?"

இன்னொருவர் பதில் சொன்னார்.

"டிவிப் பெட்டியாக்கும். வேற எந்தா?"

"டிவின்னா பாட்டு கேக்கணுமே மக்கா."

"கேக்குதே. நல்லா முரளுது."

முரளுது என்ற சொல் வந்ததும் பெஞ்சு கவிழும் சத்தம். "எலே, மாறி நில்லு! தேனியாக்கும்! அந்த மனுசன கொல்லப்பாத்த சாதனம்!" நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பவும் முடியாது.

நாத்தனார் விளையில் தென்னைமரத்தடியில் பெட்டியை இறக்கி, சருகை உருவிவிட்டு ஓடிவந்தேன். அன்று ராத்திரி நான் தூங்கினேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அடுக்களை ஜன்னலின் கொசுவலையைப் பிடுங்கிப்போட்டு, ஜன்னலை அகலமாகத் திறந்தேன். பிலாமரத்தடியில் ஸ்டாண்டு மட்டும் மொட்டையாக நின்றது. அவர் அடுக்களையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் கட்டன் சாயையும் சாப்பிட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வெயில் விழுவதைப் பார்த்தேன்.

முதலில் ஒன்று வந்தது. காலி ஸ்டாண்டைச் சுற்றிப் பறந்தது. வழி தவறியது என்று நினைத்தேன். பிறகு பத்து, நூறு. ஸ்டாண்டின்மேல் கறுப்பாக அப்பிக்கொண்டன. இடம் கிடைக்காதவை பெட்டியைத் தேடின. மரத்தில் தேடின, சுவரில் தேடின, ஜன்னல் கம்பியில் தேடின. பிறகு, நானே திறந்துவைத்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தன.

அவர் கையில் கிழங்குத் துண்டு அப்படியே நின்றது. "அனங்காத," என்றார். உதடு அசையாமல் சொன்னார். அசையாமல் இருக்கவேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கொடியில் கிடந்த போர்வையை இழுத்து அவர் தலையோடு போர்த்திவிட்டேன். அப்படியே பிடித்துக்கொண்டு நடுமுறி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். தப்பித்தோம் என்று நினைத்துப் போர்வையைப் பார்த்தபோது, அவர் கழுத்துப் பக்கத்து மடிப்பில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மடிப்பு முடிகிற இடத்தில் அவர் தோல் தெரிந்தது. அது அதை நோக்கித்தான் போனது.

தட்டினால் உள்ளே விழும். ஊதினால் பறந்து முகத்துக்கு வரும். நான் கையை நீட்டி அதை உள்ளங்கைக்குள் வைத்து மூடினேன்.

குத்தியது. தீக்கங்கைப் பிடித்ததுபோல. நான் கையைத் திறக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நானும் இப்போது வீங்குவேன், எனக்கும் விசில் அடிக்கும், இவரை யார் பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வலி மட்டும். கையைத் திறந்தபோது அது செத்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அதுக்கு வீடு இந்த இடமாக்கும். பக்கத்துல கொண்டு வச்சா திரிச்சு இஞ்சதான் வரும். பல மைல் தள்ளிப் போவணும். வகுப்புல சொன்னாவ."

"அறிஞ்சும் நீங்க சொல்லல்லியா?"

"மறந்துபோச்சுட்டி."

நிஜமாகவே மறந்தாரா, பெட்டி திரும்பிவரட்டும் என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அன்று அந்தியில் பெட்டியை மறுபடியும் கொண்டுவர வேண்டியதாயிற்று. "சேச்சி, டிவி ரிப்பேரா?" என்றார்கள் சாயைக்கடையில், நல்ல தூரத்தில் நின்றுகொண்டு. ஸ்டாண்டில் பெட்டியை வைத்ததும், பகல் முழுக்க வெறும் ஸ்டாண்டில் தொங்கிக் கிடந்தவை வரிசையாக வாசலுக்குள் நடந்து போயின. சருகை அடைத்தேன். என் கை வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. ஜீப்காரரை நானே போய்க் கேட்டேன். என் கையைப் பார்த்துவிட்டு அவர் சாவியை எடுத்தார். பெட்டி ஆரியங்கோட்டில் என் அண்ணனின் ரப்பர் தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை.

இப்போது பெட்டி என் பொறுப்பு. மாதம் இரண்டுமுறை பஸ் ஏறிப் போகிறேன். காய்ந்த கதம்பையை இங்கிருந்தே பையில் கொண்டுபோவேன், அங்கே கிடக்கும் எதையும் நம்புவதில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிவிட்டது. மூடியைத் தூக்கும்போது இன்றும் பயம்தான். எனக்காக அல்ல. எங்கள் முற்றத்து மத்தங்கொடியை நானே வேரோடு பிடுங்கிவிட்டேன். செம்பருத்தியை வெட்டினேன். சுற்றுவட்டாரத்தில் பூவே இல்லாத ஒரே முற்றம் எங்களுடையதுதான். இயற்கைக்காகத் தேனீ வளர்க்கிற வீடு அது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆரியங்கோட்டிலிருந்து திரும்பி வந்தால் நேரே வீட்டுக்குள் போகமாட்டேன். அவர் கதவைத் தாழ்போட்டு உள்ளே இருப்பார். நான் முற்றத்தில் நின்று முந்தானையை உதறுவேன், பையைக் கவிழ்ப்பேன், குடையை விரித்துத் தட்டுவேன். அதற்குள் அவர் உள்ளிருந்து கேட்கத் தொடங்கிவிடுவார். ராணியைக் கண்டியா, அடை எத்தனை, எறும்பு உண்டா என்று.

போன முறை குடையை விரித்தபோது, கம்பியோரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இத்தனை தூரம் என்னோடு வந்திருக்கிறது.

"தொறக்கட்டா?" என்றார் உள்ளிருந்து.

"தொறக்காண்டாம்."

"என்ன, ஒண்ணு உண்டா?"

"உண்டு."

குடையை முற்றத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்தேன். தனியாக விட்டால் எங்கே போகும் என்று தெரியாமல் போய்விடும். அது எழும்பி வேலிக்கு அப்புறம் போவதை என் கண்ணால் பார்க்கவேண்டும். அதனால் துணி துவைக்கும் அலக்குக் கல்லின்மேல் உட்கார்ந்து, குடையிலிருந்து கண்ணை எடுக்காமல், ராணி சுகமாக இருக்கிறாள், புது அடை கட்டுகிறார்கள் என்று உள்ளே அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.